தூக்கி வைத்த பானை

எங்கள் தெருவில் இன்றைக்கும் யாரையாவது நிறுத்தி, அந்த வருஷம் கிணற்றிலிருந்து பவுடர் பானையைத் தூக்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். என் நாத்தனார் என்பார்கள். "பாவம், வெளையாட்டுப் புள்ளைங்க. தெரியாமச் செஞ்சுருச்சு" என்று உச்சுக் கொட்டவும் செய்வார்கள். அந்த உச்சுக் கொட்டலைக் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பெல்லாம் பற்றி எரியும். செத்தவள் திரும்பி வந்து வாயைத் திறக்க மாட்டாள் என்கிற தைரியம் அவர்களுக்கு. நான் ஒருத்தி உயிரோடு இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார்கள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பட்டுத் தறிகள் ஓடிய ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே என் மகன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சண்டை எனக்குப் புதிதில்லை, அவனுக்குத்தான் ஒத்துக்கொள்ளாது.

எழுபதுகளின் நடுவில் மேட்டூரிலிருந்து நான் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தேன். அப்பா அணையில் அரசாங்க வேலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், அதில் மருந்து வாசனை அடிக்கும். பிறந்ததிலிருந்து அதையே குடித்ததால் தண்ணீரின் வாசனையே அதுதான் என்று நினைத்திருந்தேன். வந்த முதல் நாள் அத்தை, அதாவது என் மாமியார், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாசனையும் இல்லை, தித்திப்பாக இருந்தது. நான் அதைச் சொன்னதும் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம கெணத்துத் தண்ணிக்கு ஈடு இந்த ஊருலயே கெடையாது சாமி" என்றார்.

கிணறு தெருவுக்கு நடுவில், எங்கள் வீட்டை ஒட்டி இருந்தது. வீடுகள் இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே குழித்தறி, தறிக்குப் பக்கத்திலேயே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்கை. வீடுகளின் பின்னால் ஓர் ஆள் ஒடுங்கி நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. கக்கூஸ்கள் அந்தச் சந்தில்தான். கீழே ஒரு வாளி வைத்திருப்பார்கள். முனிசிபாலிட்டிப் பெண் ஒருத்தி காலையில் தள்ளுவண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போவாள். அவள் வராத நாட்களில் அந்தச் சந்தில் காலெடுத்து வைக்க முடியாது. மேட்டூரிலிருந்து வந்த எனக்கு முதல் மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அத்தை கர்ப்பமோ என்று சந்தேகப்பட்டு நாட்டு வைத்தியச்சியைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தச் சந்திலிருந்து வரும் சாக்கடை கிணற்று மேடையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு இறங்கும். மேடையில் ஒரு விரிசல் இருந்தது. விரிசலில் ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்திருந்தது. அம்மனே வந்து குடியிருக்கிறாள் என்று சொல்லி, அதைப் பிடுங்கவிடாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஆடி மாதத்தில் கூழ் ஊற்றினார்கள். கன்று தழைத்தது. வேர் போன வழியில் வேறு என்னவெல்லாம் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அத்தை, என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான். நாத்தனாருக்குப் பதினாறு பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் உள்ள அத்தனை பேருடைய நடையையும் அப்படியே நடந்து காட்டுவாள். என் நடையையும் விட்டுவைக்கவில்லை. சந்துக்குள் நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு போவதை அவள் நடித்துக் காட்டியபோது எனக்கே வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் சிரிக்கக் கற்றுக்கொண்டதே அவளால்தான்.

இனி பானைக்கு வருகிறேன். நான் வந்த மறு வருஷம், ஊரில் எங்கேயோ வாந்திபேதி என்று சொல்லி முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைச் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கிணற்றில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தெருமுனையில் சாயப்பட்டறை இருந்தது. சாயம் ஏற்றிய பட்டு நூலை எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் அலசுவார்கள். அன்றைக்கு அலசிய குங்குமச் சிவப்பு நூல் முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிற்று. நெய்யக் கொடுத்த முதலாளி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பல வீடுகளில் தறி நின்றது. அந்தப் பயம் நியாயமான பயம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு புது முறை கொண்டுவந்தார். மண்பானையில் பவுடரும் மணலும் கலந்து நிரப்பி, வாயைக் கட்டி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட வேண்டும். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். அவரே வந்து தொங்கவிட்டார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் தெருவே பிள்ளையார் கோயில் முன்னால் கூடிவிட்டது.

தெருவுக்குப் பெரியதனம் பார்த்தவர் சாயப்பட்டறைக்காரர். வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. யாரையும் அதட்ட மாட்டார், அதட்டாமலே எல்லாரையும் தலையாட்ட வைத்துவிடுவார். தீபாவளி வரைக்கும் பட்டறை நிற்கக் கூடாது, அதனால் அதிகாரி வருகிற நேரம் தவிர மற்ற நேரம் பானையைத் தூக்கி வைத்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். "தெருவுக்காகச் செய்யறதுங்க. யாரு மேலயும் தனியாப் பேரு வராது, அதுக்கு நானாச்சு" என்றார். கிணற்றை ஒட்டி எங்கள் வீடு இருந்ததால் தூக்குவதும் இறக்குவதும் அத்தையின் பொறுப்பு என்று முடிவானது. விதவை வீடு, தெரு தயவில் பிழைக்கிற வீடு. அத்தை சரி என்று தலையாட்டினார்.

நான் பின்னால் பெண்களோடு நின்றிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் அம்மா தண்ணீரை அகலமான அண்டாவில் பிடித்து மூடாமல் வைத்துவிடுவாள். மறுநாள் பார்த்தால் மருந்து வாசனை போயிருக்கும். அதைச் சொன்னேன். சாயத்துக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் முதல் நாளே இறைத்து வைத்தால் போதுமே, பானையை எதற்குத் தூக்க வேண்டும் என்றேன். பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மேட்டூர் மருமவளுக்குச் சாயத் தொழிலும் தெரியுமாட்ட இருக்குதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் வருவதைத் தெரிவிக்க ஒரு ஏற்பாடு இருந்தது. காலையில் தறியில் ஏற்ற வேண்டிய நீள நூலை, அதாவது பாவை, தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். பாவு நீட்டியிருக்கும்போது சைக்கிள் போக முடியாது. அவர் இறங்கி, உருட்டிக்கொண்டு, சுவரோரமாகத்தான் வர வேண்டும். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் யாராவது ஒருவர், "பாவு நனையுதோ!" என்று கத்துவார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அந்தக் குரல் கேட்டதும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கூடையால் மூடி வைத்திருந்த பானை கிணற்றுக்கு ஓடும். கப்பி கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்க்கும்போது பானை சாதுவாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அத்தைக்குத் தோள்பட்டையில் தீராத வலி. ஈரமேறிய பானையைத் தூக்க முடியாது. "கண்ணு, போய்த் தூக்கிரு" என்று மகளிடம் சொல்வார். அவள் ஓடுவாள். இன்ஸ்பெக்டர் போனதும் பானையைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, அவர் சைக்கிளை உருட்டுவது போலவே எங்கள் முன்னால் நடந்து காட்டுவாள். அவள் தூக்கினாள் என்பது அந்த அளவுக்குத்தான் உண்மை. தாய் சொன்னாள், தாய்க்குத் தெரு சொன்னது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. சாக்கடை நிரம்பிக் கிணற்று மேடைமேல் ஏறி, வேப்பங்கன்றைச் சுற்றித் தேங்கி நின்றது. கடைசி வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றால் போய், மறுநாள் குழந்தை இறந்துபோனது. பல் முளைக்கிற சூடு என்றார்கள். பிறகு எதிர்சாரியில் ஒரு கிழவர். வயசாயிருச்சு என்றார்கள். பிறகு நல்ல திடகாத்திரமான ஒரு தறிக்காரர், முந்தின நாள் சாயங்காலம் தேங்காய் உடைத்துக் கொடுத்தவர், பொழுது விடிவதற்குள் போய்விட்டார். அதற்கு யாராலும் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். மழையில் பாவு ஏது, ஆனாலும் குரல் மட்டும் வந்தது, பானை இறங்கியது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பானை இருந்தது. தண்ணீர்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் ஊசி போட்டார், சாக்கடையில் மருந்து அடித்தார், ஈ மொய்க்கும் பலகாரக் கடையை மூடவைத்தார். அப்புறம் தெருவே சேர்ந்து, வாளி எடுக்க வரும் பெண்தான் நோயைக் கொண்டுவருகிறாள் என்று கண்டுபிடித்தது. அவளைத் தெருவுக்குள் விடக் கூடாது என்று ஆனது. அவள் தெருமுனையில் வண்டியோடு மழையில் நின்றாள். "நானென்னுங்க பண்ணுனேன்? எங்க சனத்துல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்களே" என்று கேட்டாள். அவர்கள் குடியிருந்த பக்கத்தில் அடிபம்புத் தண்ணீர். அவள் சொன்னது அப்படியே சத்தியம். பதிலுக்கு ஒருவர் கல்லை எடுத்தார். அவள் போய்விட்டாள். சந்தில் வாளிகள் நிரம்பி வழிந்தன, வழிந்தது மழையோடு சேர்ந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று.

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாகிட்டச் சொல்லு" என்றார். அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு உள்ளூரப் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் பெரியவர் அன்று காலையில்தான் வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "தீவாளி முடியட்டும் சாமி. இன்னும் கொஞ்ச நாளுதானே" என்றார் அத்தை. நானே போய்ப் பானையை இறக்கினேன். அடுத்த நாழிகைக்குள் பட்டறையிலிருந்து ஆள் வந்து தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். அதன்பின் வீட்டுத் தண்ணீரை மட்டுமாவது காய்ச்சிக் கொடுத்தேன். விறகைக் கரியாக்குகிறேன் என்று அத்தை முணுமுணுத்தாலும் குடித்தார். நாத்தனார் வீட்டில் தங்குகிறவள் இல்லை. நூல் சுற்ற எந்த வீட்டில் உட்காருகிறாளோ அந்த வீட்டுக் குடத்தில் மொண்டு குடிப்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் சந்துக்குப் போனவள், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். மத்தியானத்துக்குள் கண் குழிக்குள் போய்விட்டது. கன்னம் ஒட்டி, விரல் நுனியெல்லாம் வெகுநேரம் துணி துவைத்த கை போலச் சுருங்கிவிட்டது. பேச்சு காற்றாக வந்தது. ஒரு வாடகைக் காரைப் பிடித்து நானும் அவருமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கூட இரண்டு பேருக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள் என்று சொன்னதால் அத்தை வீட்டிலேயே நின்றுவிட்டார்.

அந்த வார்டை நான் மறக்க நினைக்காத நாள் இல்லை. கட்டில்களின் நடுவில் ஓட்டை, அதன் கீழே ஒரு வாளி. எல்லாக் கட்டிலிலும் யாரோ ஒருவர் தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் ஊசி ஏற்ற நரம்பே அகப்படவில்லை. டாக்டருக்கு அதிக வயது இருக்காது. பல நாள் தூங்காத முகம். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும் நிமிர்ந்தார்.

"அதே தெருவா? எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"கெணத்துத் தண்ணிங்க" என்றேன்.

"கெணத்துலதான் மருந்துப் பானை தொங்குதாமே? இன்ஸ்பெக்டர் பார்த்துட்டு வந்து சொன்னாரே."

"தொங்கறதில்லீங்க டாக்டர். தூக்கி வெச்சிருக்குதுங்க."

கையிலிருந்த ஊசியைத் தட்டில் போட்டார். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். "யார் தூக்கினது? எத்தனை உசிரு போயிருக்கு தெரியுமா? இது போலீஸ் கேஸ். தூக்கினவங்களை உள்ளே தள்ளாம விடமாட்டேன். யார் தூக்கினது, சொல்லுங்க!"

நான் வாயைத் திறந்தேன். தெரு முழுக்கச் சேர்ந்து செய்தது என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து அந்தக் காற்றுக் குரல் வந்தது.

"நாந்தானுங்க. யாரும் சொல்லலீங்க. சும்மா வெளையாட்டுக்குத் தூக்குனேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். உடனே கிணற்றில் மருந்து போடச் சொல்லி ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடினார். பொய் டாக்டர், பொய் என்று நான் பின்னாலேயே போனேன். வராந்தாவில் ஆயா என்னைத் தடுத்து உள்ளே அனுப்பினாள். திரும்பி வந்து ஏண்டி இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பனிக்கட்டி மாதிரிச் சில்லிட்ட கை.

"அம்மாவப் போலீசு கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க அண்ணி. அம்மாவுக்குத் தோளு வலிங்கண்ணி" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள். உடம்பை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. துணியில் சுற்றிப் பவுடர் தூவி ஆஸ்பத்திரி வண்டியிலேயே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், மட்டும் கூடப் போனார். அத்தை மகளுடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்கவே இல்லை.

கிணற்றில் அன்றைக்கே மருந்து போட்டார்கள். பானையை இரும்புச் சங்கிலியில் கட்டிப் பூட்டினார்கள். வேப்பங்கன்றைப் பிடுங்கி விரிசலைச் சிமெண்டால் பூசினார்கள். ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. அதற்கப்புறம் தெருவில் அந்த நோயில் ஒரு சாவும் விழவில்லை. சாயப்பட்டறை என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? அண்டாக்களில் முதல் நாளே தண்ணீர் இறைத்து மூடாமல் வைத்து, மறுநாள் அலசினார்கள். ஒரு நூல்கூட வெளுக்கவில்லை. தீபாவளிக்கு எல்லாச் சேலையும் போய்ச் சேர்ந்தது. அந்த அண்டாக்களைப் பார்க்கும்போதெல்லாம் உடைத்துப் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும்.

போலீஸ் வரவே இல்லை. டாக்டர் கோபத்தில் சொன்னதோடு சரி. வராத போலீசுக்குப் பயந்துதான் அந்தப் பெண் அந்தப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். தெருவுக்கு அது நல்ல வசதியாகிவிட்டது. "அந்தப் புள்ளையே ஒத்துக்கிச்சாமுங்க" என்று முதலில் கிசுகிசுத்தார்கள். பிறகு உரக்கவே சொன்னார்கள். நான் கிணற்றடியில் பெரியவரை மறித்துக் கேட்டேன். யார் மேலும் தனியாகப் பேர் வராது என்று கோயிலில் சொன்னீர்களே என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "செத்தவங்களப் பத்தி என்னத்துக்குங்க பேசிக்கிட்டு. அந்த ஆத்மா சாந்தியா இருக்கட்டும்" என்றார். அக்கம்பக்கத்தில் யாரும் முகம் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுத் தறிக்கு நூல் தருகிறவரே அவர்தான் என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனத்தோடு வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்தேன். அத்தை கிணற்றுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். எனக்கு வேறு மாதிரி. பட்டப்பகலில் அடுப்படியில் வேலையாக இருப்பேன், கப்பி கிறீச்சென்று கேட்கும். ஓடிப் போய்ப் பார்ப்பேன். கயிறு அசையாமல் கிடக்கும். ஒரு தடவை நிஜமாகவே மழை வந்து, நிஜமாகவே நீட்டியிருந்த பாவு நனைந்தது. யாரோ நிஜமாகவே "பாவு நனையுதோ!" என்று கத்தினார்கள். நான் கையிலிருந்த சோற்றுப் பானையைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. அத்தையும் எழுந்து நின்றுகொண்டு பின்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் சிந்திய சோற்றை அள்ளினேன்.

எனக்கு ஒரு மகள் பிறந்தாள், அப்புறம் ஒரு மகன். மகள் நான்கு வயதில் தபால்காரர் நடப்பதைப் போல நடந்து காட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தை எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கும் அவளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. குழந்தை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழுதது.

எண்பதுகளில் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. சந்துக் கக்கூஸ்களை இடித்துத் தொட்டி வைத்த கக்கூஸ் கட்டினார்கள். கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவதென்று முடிவாயிற்று. முனிசிபாலிட்டியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு அதிகாரி வந்திருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டார். கையில் பேனாவும் அட்டையும் வைத்திருந்தார். நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, தெரு அவரைச் சுற்றி நின்றது. பெரியவருக்கு அதற்குள் தலை முழுக்க நரைத்து, பேச்சு இன்னும் நிதானமாகியிருந்தது.

"இந்தக் கிணத்துல ஒரு காலத்துல காலராவாமே?" என்று அந்தப் பிள்ளை கேட்டார்.

"ஆமாங்க. ஒரு புள்ள வெளையாட்டுத்தனமா மருந்துப் பானையத் தூக்கி வெச்சுருச்சுங்க. சொல்லியும் கேக்கல. பாவம், அதுவும் போயிருச்சு" என்றார் பெரியவர்.

சொல்லியும் கேட்கவில்லை என்பது புதிதாகச் சேர்ந்தது. என் ரத்தம் கொதித்தது. நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் பக்கத்தில் அத்தை எழுந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றார்.

"எம் புள்ள வெளையாட்டுக்குத் தூக்கலீங்க சாமி" என்றார். "நாஞ் சொல்லித்தான் தூக்குனா. எனக்கு இவிங்க சொன்னாங்க. கோயல் முன்னால வெச்சு இந்தத் தெருவே சொல்லுச்சு. எம் புள்ள நான் சொன்ன பேச்சத் தட்ட மாட்டா."

அந்தப் பிள்ளை பெரியவரைப் பார்த்தார். பெரியவர் எழுந்து வந்து அத்தையின் கையை அன்பாகப் பிடித்துக்கொண்டார். "மகளைப் பறிகொடுத்ததிலிருந்து அம்மாவுக்கு மனசு சரியில்லீங்க சார். ஏதாச்சும் பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றார்.

"அவங்களுக்கு மனசெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அவங்க சொல்றதுதான் நெசம்" என்றேன் நான். சத்தமாகவே சொன்னேன். யாரோ, மாமியாரும் மருமகளும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க என்று கேலி செய்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கான்கிரீட் கலவை இறுகிவிடும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தினார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அத்தையை வீட்டுக்குள் அழைத்துவந்து உட்கார வைத்தேன். தோளைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"நாஞ் சொன்னது அந்த ஆபீசருக்கு நல்லாக் கேட்டுச்சா சாமி?"

"கேட்டுச்சுங்கத்தை."

"எழுதிக்கிட்டாரா?"

அவர் பேனாவின் மூடியையே கழற்றவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எழுதிக்கிட்டாருங்கத்தை. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு" என்றேன்.

அத்தை தலையை ஆட்டினார். மகள் போனதிலிருந்து நான் கேட்காத ஒரு சத்தத்தோடு, வாய்விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.